மீன் நாறவில்லையா? அப்போதுதான் உஷார்!

"அய்யா, இனிமே எங்க வீட்டுல மீனே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டோம். சரிதானே?"

2018 ஜூன் மாதக் கடைசி. தென்காசியில் என் வைத்தியசாலைக்கு வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாற்காலியில் உட்காரும் முன்பே இப்படிக் கேட்டார். கூடவே அவர் மனைவி. முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்தவர்கள். ஆனால் அன்றைக்கு முழங்கால் மறந்து போயிருந்தது. ஆசிரியர் கையில் செய்தித்தாள். ஆரியங்காவு செக்போஸ்ட்டில் லாரி லாரியாக மீன் பிடிபட்ட செய்தி.

"போன ஞாயித்துக்கிழமைதான் ஒரு கிலோ வாங்கினோம். நானும் சும்மா வாங்கலை. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். ஒரு நாத்தமும் இல்லை" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கதானே அய்யா சொல்வீங்க... நாத்தம் இல்லாத மீன் நல்ல மீன்னு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். பல வருஷமாக எத்தனையோ பேருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். என் அம்மா எனக்குச் சொன்னது, என் பாட்டி அம்மாவுக்குச் சொன்னது. அந்த வாரம்தான் அந்தப் பாடம் பாதிதான் சரி என்று எனக்கே புரிந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அன்று என்ன நடந்தது?

தென்காசியிலிருந்து செங்கோட்டை, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஆரியங்காவு. கொல்லம் மாவட்டத்தின் எல்லைச் சாவடி. நம் பக்கத்திலிருந்து கேரளாவுக்குப் போகும் காய்கறி, பால், மீன் எல்லாம் இந்த வழியிலும், வாளையார், அமரவிளை போன்ற மற்றச் சாவடிகள் வழியாகவும்தான் போகின்றன.

ஜூன், ஜூலை மாதங்களில் கேரளக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்பதற்காக அரசு போடும் தடை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். இங்கே தடை முடியும் நேரத்தில் அங்கே தொடங்கியிருக்கும். ஆனால், மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் கேரளா. அங்கே தேவை குறையாது. எனவே வெளி மாநில மீன் குவியும். தூரம் அதிகம், வெயில் அதிகம், லாபமும் அதிகம். தப்பு நடக்கத் தோதான நேரம்!

அதனால்தான் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை அந்த ஜூனில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் செக்போஸ்ட்களில் சோதனையை முடுக்கிவிட்டது. ஆரியங்காவில் ஒரே இரவில் சுமார் 9,600 கிலோ மீனும் இறாலும் பிடிபட்டன. அவற்றில் ஃபார்மலின் கலந்திருந்தது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். வாளையார், அமரவிளை பக்கமும் இதே கதை.

செய்தி பரவியதும் நாடே பதறியது. ஜூலையில் கோவா அரசு வெளி மாநில மீனுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அஸ்ஸாமிலும் வெளியிலிருந்து வரும் மீனுக்குக் கொஞ்ச நாள் தடை. சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுகளிலும் மீனை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஃபார்மலின்... எனக்கு ரொம்பப் பழைய சிநேகிதன்!

அந்தப் பெயரைச் செய்தித்தாளில் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பாளையங்கோட்டை. அங்கே சித்த மருத்துவக் கல்லூரியில் நான் முதலாண்டு படித்தபோது, உடற்கூறு வகுப்பு நடக்கும் கூடத்துக்குள் முதன்முதலாக நுழைந்த நாளை மறக்கவே முடியாது. சித்த வைத்தியம் படிக்கிறவர்களுக்கு எதற்கு அறுவைக் கூடம் என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கும் எலும்பு, நரம்பு, குடல் எல்லாம் பாடம்தான்.

கதவைத் திறந்ததும் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவியதுபோல எரிச்சல். மூக்கிலிருந்து நீர். மேஜையில் படுத்திருந்தவர் இறந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். ஆனால் பிண நாற்றமே இல்லை! உடம்பு கட்டையாக, ரப்பர் மாதிரி இருந்தது. "எப்படி சார் கெட்டுப்போகலை?" என்று கேட்டோம். ஆசிரியர் மூலையில் இருந்த ஜாடியைக் காட்டினார். ஃபார்மலின்.

அன்று மத்தியானம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மீன் குழம்பு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டோம். அந்த ஃபார்மலின் ஒருநாள் மீன் குழம்புக்கே வந்து சேரும் என்று அப்போது யார் நினைத்தது?

ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பதுதான் ஃபார்மலின். நூற்றுக்கு 37 முதல் 40 பங்கு வரை அந்த வாயு கரைந்திருக்கும். கிருமிகளைக் கொல்லும். சதையிலுள்ள புரதத்தை இறுக்கிப் பிடித்துக் கெட்டியாக்கும். பிணம் கெடாமல் இருப்பதற்கும், மீன் அழுகாததுபோலத் தெரிவதற்கும் காரணம் ஒன்றேதான்.

நாற்றம் என்பது எச்சரிக்கை மணி

உயிர் போன மீனின் சதையில் கிருமிகள் வேலையைத் தொடங்கும்போது, 'ட்ரைமெத்திலமின்' என்ற பொருள் உண்டாகிறது. நாம் கவிச்சி, நாற்றம் என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இதைத்தான். இன்னும் நேரம் போனால் அம்மோனியா நெடி வரும். அதாவது, 'என்னைத் தொடாதே, நான் கெட்டுவிட்டேன்' என்று மீனே நமக்குச் சொல்கிறது.

நம் பாட்டிகள் மூக்கை நம்பியது இதனால்தான். ஐஸ்கூட இல்லாத அந்தக் காலத்துக்கு அது போதும். காலையில் பிடித்த மீன் மத்தியானம் குழம்பில் கொதித்தது. மிஞ்சியதை உப்புப் போட்டுக் கருவாடாக்கினார்கள். கருவாடு 'நான் பழசு' என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டுதான் கடைக்கு வருகிறது. யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஃபார்மலின் செய்வது வேறு. மணி அடிக்கிறவனின் வாயைப் பொத்திவிடுகிறது. ஐந்து நாளான மீனும் நேற்றுப் பிடித்த மீனும் நம் மூக்குக்கு ஒன்றாகிவிடுகின்றன.

இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மருந்து தெளிக்கும் முன்பே மீன் பாதி கெட்டிருந்தால்? சூரை, அயிலை என்கிற கானாங்கெளுத்தி, சாளை என்கிற மத்தி போன்ற மீன்களைச் சில மணி நேரம் ஐஸ் இல்லாமல் போட்டு வைத்தால் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் சேர்ந்துவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பெல்லாம் தடிப்பு, தலைவலி, படபடப்பு, சிலருக்கு வாந்தி. 'எனக்கு மீன் அலர்ஜி' என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு இருந்தது அலர்ஜியே இல்லை, கெட்ட மீன்தான் என்பது என் அனுபவம். ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. ஃபார்மலின் தெளித்தாலும் போகாது. அழுகலைத் தடுத்துவிட்டோம் என்று வியாபாரி நினைக்கலாம். ஏற்கெனவே உண்டான நஞ்சு அப்படியே இருக்கும்.

நான் கோட்டைவிட்ட நோயாளி

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2017 கடைசியில் ஒரு மீன்காரம்மா என்னிடம் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். மொத்தக் கடையில் பெட்டி எடுத்து, கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்கிறவர். இரண்டு கையிலும் விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, அரிப்பு, நீர் வடிதல்.

"கை எரியுதய்யா. மீனை அலசவே முடியலை. சோத்தைப் பிசைஞ்சா உப்புக் காரம் உயிர் போகுது" என்றார்.

பார்த்ததும் 'கரப்பான்' என்று முடிவு கட்டினேன். பரங்கிப்பட்டைச் சூரணம் கொடுத்தேன், பூசுவதற்கு அருகன் தைலம் கொடுத்தேன். பத்தியமும் சொன்னேன். "கருவாடு, கத்திரிக்காய் கூடாதும்மா. மீனும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்." ஒழுங்காகக் கேட்டார். கொஞ்சம் ஆறும். திரும்ப வரும். ஆறேழு மாசம் இதே கதை. மருந்தை மாற்றினேன், அளவை மாற்றினேன். அந்த அம்மா எதைச் சாப்பிடுகிறார் என்று ஒவ்வொரு தடவையும் துருவித் துருவிக் கேட்டேன். எதைத் தொடுகிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை!

ஆரியங்காவு செய்தி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த முறை வந்தபோது கேட்டேன்: "பெட்டியைத் திறக்கும்போது கண் எரியுமாம்மா?"

"எல்லாப் பெட்டியும் இல்லைங்கய்யா. சில பெட்டி திறந்தா வெங்காயம் உரிச்ச மாதிரி கண்ணுல தண்ணி வரும். ஐஸ் நெடின்னு நெனச்சேன். அந்த மீன்ல ஈகூட உக்காராது. சுத்தமான மீனுன்னு சந்தோசமா எடுத்துட்டு வருவேன்."

ஃபார்மலின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு இப்படித் தோல் அழற்சி வரும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். "அந்த மாதிரிப் பெட்டியை எடுக்காதே. கை உறை போட்டுக்கோ" என்றேன். மருந்து அதேதான். ஒரு மாதத்துக்குள் கை ஆறிவிட்டது. அந்தப் பெட்டிகளில் ஃபார்மலின்தான் இருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்றை உணர்ந்துகொண்டேன். இந்தக் கலப்படத்தில் முதலில் அடிபடுகிறவர் சாப்பிடுகிறவர்கூட இல்லை. தினமும் அதில் கையை விடுகிறவர்தான்.

உடம்புக்கு என்ன செய்யும்?

பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்கிறேன்.

ஃபார்மலினை அப்படியே குடித்துவிட்டால் வாய், உணவுக்குழாய், வயிறு எல்லாம் வெந்துவிடும். உயிருக்கே ஆபத்து. அது வேறு விஷயம். மீன் வழியாக நம் வயிற்றுக்குப் போவது மிகக் குறைந்த அளவு. வயிற்று எரிச்சல், குமட்டல், வலி வரலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

"கேன்சர் வருமா டாக்டர்?" எல்லோரும் கேட்பது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. முக்கிய ஆதாரம், அந்த வாயுவை ஆண்டுக் கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களிடமிருந்து கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டதால் கேன்சர் வந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் வாரா வாரம், வருஷக் கணக்கில், குழந்தைகளுக்கும் சேர்த்து ஊட்டுகிற உணவில் அப்படி ஒரு பொருள் ஏன் இருக்க வேண்டும்? 'கொஞ்சம்தானே' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நம் நாட்டு உணவுச் சட்டத்தின்படி மீனில் ஃபார்மலின் சேர்க்க அனுமதியே கிடையாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மீனவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். சில வகை மீன்களில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே கொஞ்சம் உண்டாகும். தும்பிலி மீன் ஒரு உதாரணம். எனவே சோதனையில் துளி தெரிந்தாலே 'கலப்படம்' என்று கூச்சல் போடக் கூடாது. எந்த வகை மீன், எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

மூக்குக்குத் தெரியாததைக் காகிதம் சொல்லும்

அப்படியானால் செக்போஸ்ட்டில் நடுராத்திரியில் லாரியை நிறுத்தி எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018 தொடக்கத்தில் எளிமையான ஒரு சோதனைப் பெட்டியை வெளியிட்டது. மீன் மீது ஒரு காகிதப் பட்டையைத் தேய்க்க வேண்டும். அதில் ஒரு சொட்டு மருந்து. சில நிமிஷத்தில் நிறம் மாறுவதைப் பார்த்து ஃபார்மலின் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அம்மோனியாவுக்கும் இதேபோலத் தனிப் பட்டை உண்டு. ஐஸ் சீக்கிரம் உருகாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிற ஆட்களும் இருக்கிறார்களே!

இது முதல் கட்டம்தான். மற்றதெல்லாம் சட்டப்படி நடக்க வேண்டும். 2006-ல் இயற்றி 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?

சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி பொருளைக் கைப்பற்றலாம். சாம்பிள் எடுத்தால் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். சாம்பிளை நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். ஒரு பாகம் அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்கு. அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வியாபாரி கேட்டால் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். மீன் 14 நாள் காத்திருக்குமா? எனவே, சீக்கிரம் கெடும் பொருள் சாப்பிட லாயக்கில்லாத அளவுக்குக் கெட்டுப்போயிருந்தால், வியாபாரிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அழிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

அதிகாரி வேண்டுமென்றே ஒருவரைத் தொல்லைப்படுத்தப் பொருளைப் பறித்தால்? அவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால், விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: வாங்குகிற நீங்களும் கட்டணம் செலுத்தி உணவைச் சோதனைக்குக் கொடுக்கலாம். கடைக்காரருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குற்றம் இருப்பது தெரிந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

இந்தச் சோதனையெல்லாம் ஒரு ஜூனோடு முடிந்துவிடவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, கேரளாவில் மறுபடி சாகர் ராணி சோதனை நடந்தது. ஒரு லட்சம் கிலோவுக்கும் மேல் கெட்ட மீன் பிடிபட்டு அழிக்கப்பட்டது. படகும் லாரியும் அரைகுறையாக ஓடிய நேரம். எப்போதெல்லாம் வரத்துக் குறைகிறதோ, அப்போதெல்லாம் இந்தத் தப்புக்கு வழி திறக்கிறது. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

* கண் பளபளப்பாக, சற்றுப் புடைத்து இருக்கட்டும். உடம்பு விறைப்பாக இருந்து கண் மட்டும் குழி விழுந்து மங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

* விரலால் அழுத்துங்கள். நல்ல மீனில் குழி விழுந்து உடனே எழும். குழி அப்படியே நின்றால் பழசு. குழியே விழாமல் ரப்பர் மாதிரி இருந்தால் வேண்டாம்.

* செவுள் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். சிவப்பை மட்டும் நம்பாதீர்கள், சாயம் பூசுகிறவர்களும் உண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லிப் பாருங்கள்.

* நல்ல மீனுக்குக் கடல் வாசனை மெலிதாக இருக்கும். வாசனையே இல்லை, அல்லது கண்ணை உறுத்தும் நெடி என்றால் தள்ளிவிடுங்கள்.

* ஐஸ் எங்கே என்று பாருங்கள். மீனுக்குச் சமமாக ஐஸ் போட்டு வைப்பதுதான் முறை. ஐஸே இல்லாமல், வெயிலில், காலையிலிருந்து 'புத்தம் புதுசாக' இருக்கும் மீன் அதிசய மீன். அந்த அதிசயம் நமக்கு வேண்டாம்!

இதெல்லாம் சந்தேகத்துக்கான அடையாளங்கள்தான். உறுதியாகச் சொல்ல சோதனைதான் வழி. சந்தேகம் வலுத்தால் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. எந்தக் கடை, என்ன மீன், எந்த நேரம் என்று எழுதிப் புகார் செய்யுங்கள்.

நீங்கள் கேட்பது... நான் சொல்வது...

மஞ்சள், புளி, உப்பு போட்டு அலசினால் நஞ்சு போய்விடுமா?

கவிச்சி போகும். ஃபார்மலின் தண்ணீரில் கரையும் என்பதால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் ஓரளவு குறையலாம். நன்றாக வேகவைத்தாலும் கொஞ்சம் குறையும். முழுவதும் போய்விடும் என்று நம்பிச் சந்தேகமான மீனை வாங்காதீர்கள்.

இதை முறிக்கச் சித்த மருந்து இருக்கிறதா?

நஞ்சு முறிவுக்கு எங்கள் ஏடுகளில் எத்தனையோ சொல்லியிருக்கிறது. ஆனால் ஃபார்மலினை முறிக்கும் மருந்து என்று எதையும் நான் கொடுக்க மாட்டேன். வாங்காமல் இருப்பதுதான் மருந்து. சாப்பிட்ட பிறகு கடும் வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், உடம்பு தடித்தல் என்றால் கஷாயம் வைத்துக் கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஃபார்மலின் போட்ட மீனில் ஈ உட்காராது என்கிறார்களே?

சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். ஐஸில் புதைத்த நல்ல மீனிலும் ஈ உட்காராது.

அப்படியானால் மீனையே விட்டுவிடலாமா?

வேண்டாம்! வளரும் பிள்ளைக்கும், பிள்ளை சுமக்கும் தாய்க்கும், வயதானவருக்கும் எளிதில் செரிக்கும் நல்ல புரதம் மீனில் இருக்கிறது. இதயத்துக்கு நல்ல கொழுப்பும் இருக்கிறது. அதிலும் சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு. எந்தக் காலத்தில், யாரிடம், எப்படி வாங்குகிறோம் என்பதை மாற்றிக்கொண்டால் போதும்.

தப்பு நம் பக்கமும் இருக்கிறதா?

ஆசிரியரும் அவர் மனைவியும் அன்று கிளம்பும் முன் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். "இந்த வியாபாரிங்க ஏன் அய்யா இப்படிப் பண்றாங்க?" என்று ஆற்றாமையோடு கேட்டார் அந்த அம்மா.

நான் திருப்பிக் கேட்டேன். "போன மாசம் தடைக்காலம். கிழக்குக் கடலில் விசைப்படகு எதுவும் போகலை. அந்த மாசம் உங்க வீட்டுல எத்தனை ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் வறுத்தீங்க?"

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாலு" என்றார் ஆசிரியர், மெதுவாக.

நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டிலும் இதே கதைதான். கடல் மூடியிருக்கும் மாதத்திலும் பெரிய மீன் வேண்டும், துண்டு பளபளவென்று இருக்க வேண்டும், நாற்றம் கூடாது, விலையும் ஏறக் கூடாது என்று கேட்கிறோம். எங்கோ ஒரு குடோனில் ஒருவன் ஃபார்மலின் கேனைத் திறக்க இது தைரியம் கொடுக்கிறது. அவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், சோதனைப் பட்டை இருக்கிறது. அவை தொடர்ந்து வேலை செய்ய வேண்டும், செய்தித்தாளில் பரபரப்பு அடங்கிய பிறகும். அதைக் கேட்பது நம் உரிமை. நம் ஆசையைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி அடக்கிக்கொள்வது நம் கடமை. தடைக்காலத்தில் ஏரி மீன், குளத்து மீன், நாட்டுப் படகுக்காரர் கொண்டுவரும் சின்ன மீன் என்று கிடைப்பதைச் சாப்பிடலாம். கிடைக்காத நாளில் பருப்புக் குழம்பு இருக்கவே இருக்கிறது!

அந்த 2018 ஜூலையில் ஊரில் பாதி வீடுகள் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டன. மருந்து கலந்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம் வந்ததோ, தெரியாது. என்னிடம் வரும் அந்த மீன்காரம்மா பத்து நாள் கூடையை இறக்கவே இல்லை. "என் கையைப் பாருங்க, நான் என்னத்தைக் கலந்தேன்னு தெருவுல கேட்டேன்யா. யாரும் கதவைத் திறக்கலை" என்று என் முன்னால் அழுதார்.

இப்போது அவர் பெட்டி எடுக்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்கிறார். கண் எரிந்தால் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். அதனால் சில நாள் கூடை காலி. அந்த நாட்களிலும் வாடிக்கை வீடுகளுக்குப் போய், "இன்னைக்கு நல்ல மீன் கிடைக்கலைம்மா, நாளைக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். ஆசிரியர் வீடும் அதில் ஒன்று.

உங்கள் வாசலிலும் ஒரு மீன்காரம்மா அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். 'இல்லை' என்று சொல்லத் தெரிந்த வியாபாரி கிடைப்பது அபூர்வம். மறுநாள் அவர் வரும்வரை காத்திருந்து, அவரிடமே வாங்குங்கள்.